அவள் போட்ட பூட்டு

என் பெண்டாட்டிக்கு ஷட்டர் பராமரிப்பு வேலை. கடை, கிடங்கு, தொழிற்சாலை என்று போய்ப் பெரிய உருட்டுக் கதவுகளைச் சோதிப்பாள். எல்லாருக்கும் அவள் ஷட்டரக்கா. வாயை மூடவே தெரியாத ஷட்டர் என்று நான் கிண்டல் செய்வேன்.

மோட்டார், செயின், ஸ்பிரிங் எல்லாம் பார்த்து முடித்ததும், தன் சாப்பாட்டு டப்பாவைக் கதவுக்கு நேர் கீழே வைத்து சுவிட்சைத் தட்டுவாள். கதவின் அடி ரப்பர் டப்பாவில் பட்டதும், அதிலுள்ள சென்சார் உணர்ந்து கதவு தானாக மேலே திரும்ப வேண்டும்.

"அட்டைப்பெட்டி வெச்சா ஆகாதா?" என்று கேட்டால், "நசுங்கினா நமக்கு வயிறு எரியணும். அப்பதான் ஒழுங்கா வேலை பாப்போம்" என்பாள். சரியான அடாவடி!

நான் மூட்டை தூக்கும் கிடங்குக்கே அவள் சோதனைக்கு வந்தது என் கெட்ட நேரம். டப்பாவை வைத்தாள். கதவு திரும்பவில்லை. டப்பா சப்பையாகி, காலையில் நான் பார்த்துப் பார்த்துச் சமைத்ததெல்லாம் தரையில் சிதறியது.

விஷயம் என்னவென்றால், மூட்டை உரசினாலே கதவு மேலே போய் நேரமாகிறது என்று சூப்பர்வைசர் அந்த சென்சாரையே பிடுங்கி எறிந்திருந்தார். இவள் கதவை இறக்கித் தன் பூட்டைப் போட்டு, சாவியை இடுப்பில் செருகிக்கொண்டாள்.

"புது சென்சார் வர்ற வரைக்கும் தெறக்கக் கூடாது சார்."

"வெளிய லாரி நிக்குதும்மா. ஒரே ஒரு லாரிதான்."

"ஒரே ஒரு லாரிதான்னு கதவுக்குத் தெரியுமா சார்?"

அவர் முகம் சிவந்தது. கடப்பாரையை எடுத்து என் கையில் திணித்தார். "உன் வீட்டம்மாதானே? பூட்டை உடை. இல்ல, நாளைலேருந்து இந்தப் பக்கம் வராதே."

எனக்கு அவள்மேல்தான் ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. இத்தனை பேர் முன்னால் மானத்தைக் கப்பலேற்றுகிறாளே!

"என் வேலைக்கு உலை வைக்கத்தான் வந்தியா? சாவியக் குடுடி!"

"தரமாட்டேன். கையிலதான் கடப்பாரை இருக்கே, உடைங்க. உடைச்சிட்டு மொத மூட்டைய நீங்களே தூக்கிட்டு உள்ள போங்க. நான் இங்கயே நின்னு பாக்கறேன்."

சொல்லிக்கொண்டே புறங்கையால் கண்ணைத் துடைத்தாள். அதுவரை அவள் அழுது நான் பார்த்ததேயில்லை. சப்பையான டப்பாவைப் பார்த்தேன். அந்த இடத்தில்தான் நாளெல்லாம் குனிந்து நிமிர்கிறேன்.

கடப்பாரையை சூப்பர்வைசர் காலடியில் போட்டேன். "நாளைலேருந்து என்ன சார், இப்பவே போறேன். நீங்களே உடைச்சிக்குங்க."

அவர் உடைக்கவில்லை. சென்சார் வந்து மாட்டும்வரை லாரி வெளியிலேயே நின்றது. என் வேலை மட்டும் போனது போனதுதான். கெஞ்சிக்கொண்டு நான் போகவும் இல்லை.

போன வாரம் அந்தக் கிடங்குக் கூட்டாளி ஒருவன் வழியில் பிடித்துக்கொண்டான். "பொண்டாட்டி பேச்சக் கேட்டு நல்ல வேலைய விட்டுட்டியேடா" என்று இளித்தான்.

"ஆமாண்டா, கேட்டேன். நீ இன்னும் அந்தக் கதவுக்குக் கீழதானே மூட்டை தூக்கறே?"

"ஆமா, அதுக்கென்ன?"

"தலை இருக்கான்னு தொட்டுப் பாத்துக்கோ."

சிரித்துக்கொண்டே தலையில் கை வைத்தவன், கையை எடுக்காமல் அப்படியே நின்றான்.