துவக்கையும் கொடுத்து, வாக்கையும் கொடுத்து

எங்கள் பக்கத்தில் ஒருவன் நல்லவன் என்று காட்ட இரண்டு வழிகள் இருந்தன. ஒன்று, பள்ளிவாசல் நிர்வாகத்தில் பெயர் இருப்பது. மற்றது, வீட்டில் அனுமதிப்பத்திரத்தோடு துவக்கு இருப்பது. இரண்டில் துவக்குத்தான் கஷ்டமானது. பள்ளி நிர்வாகத்துக்கு நாலு பேர் கை தூக்கினால் போதும். துவக்குக்குக் கிராம சேவகர் வாய் திறந்து நல்லது சொல்ல வேண்டும். பொலிஸ் வந்து அயலில் விசாரிக்க வேண்டும். அடிபிடிக்குப் போகாதவன், கசிப்புக் குடிக்காதவன், காப்பதற்குப் பயிர் உள்ளவன் என்று எல்லாரும் ஒப்புக்கொள்ள வேண்டும். வருடா வருடம் அதைப் புதுப்பிக்கவும் வேண்டும். என் வாப்பாவிடம் அப்படி ஒரு ஒற்றைக்குழல் துவக்கு இருந்தது. அவர் மௌத்தான பிறகு எனக்கு வந்தது. புத்தளத்துப் பக்கம் கனமூலை ஊருக்கு உள்ளே, காட்டோரமாக இருந்த எங்கள் காணியில் பன்றி விரட்டியதைத் தவிர அது வேறு ஒரு பாவமும் செய்ததில்லை.

அதனால்தான், தேர்தல் வருகிறது, அனுமதித் துவக்குகளையெல்லாம் பொலிசில் கொண்டுபோய்க் கொடுங்கள் என்று ஒலிபெருக்கி கட்டிய முச்சக்கர வண்டி ஊரெல்லாம் கத்திக்கொண்டு போனபோது எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. யுத்தகாலத்தில் கேட்டார்கள், கொடுத்தோம். அதில் ஒரு நியாயம் இருந்தது. யுத்தம் முடிந்து இவ்வளவு காலத்துக்குப் பிறகு யாருக்கு யாரைப் பார்த்துப் பயம்? கள்ளத் துவக்கு வைத்திருந்தவன் ஒருவனும் வீட்டை விட்டு அசையவில்லை. சட்டப்படி வைத்திருந்த நாங்கள்தான், களவெடுத்துப் பிடிபட்டவர்கள் போல, பொலிஸ் வாசலில் துணியில் சுற்றிய துவக்கோடு வரிசையில் நின்றோம்.

அந்த உத்தரவைப் போட்ட அரசாங்கம் எங்கள் கட்சியின் அரசாங்கம். வேலியே பயிரை மேய்ந்தது என்று சும்மா சொல்லவில்லை. எங்கள் விஷயத்தில் வேலி மேய்ந்துவிட்டு, பயிரிடம் வந்து வாக்கும் கேட்டது.

வாப்பா உயிரோடு இருந்தவரை வேறு சின்னத்துக்குப் புள்ளடி போட்டதில்லை. காணிக்காரர், கடைக்காரர், பள்ளித் தலைவர் எல்லாரும் அந்தக் கட்சிதான். ஒழுங்கு, மரியாதை, அவனவன் சொத்துக்குப் பாதுகாப்பு என்று பேசுகிற கட்சி. மற்றக் கட்சிக்காரன் வந்தால் தென்னந்தோட்டத்தைத் துண்டுபோட்டு விடுவான் என்று வாப்பா உறுதியாக நம்பினார். அவருடைய காலத்தில் கட்சி வேட்பாளர் எங்கள் ஊருக்கு வந்தால் ஒரு வழக்கம் இருந்தது. அனுமதித் துவக்கு உள்ளவர்கள் மதகடியில் வரிசையாக நின்று வானத்தைப் பார்த்து வேட்டு வைப்பார்கள். அந்தச் சத்தம் கேட்டால்தான் வேட்பாளர் ஜீப்பை விட்டு இறங்குவார். சின்ன வயதில் அந்த வரிசையில் வாப்பாவைப் பார்த்து எனக்கு நெஞ்சு நிமிர்ந்தது உண்மை. அதை நினைத்தால் இப்போது எரிச்சல்தான் வருகிறது.

அதற்கு முந்திய தேர்தலிலும் இப்படித்தான் வாங்கினார்கள். பயிரை அள்ளி முடித்த பிறகுதான் துவக்கு திரும்பி வந்தது. அள்ளுவதற்கு எங்களுக்கு மிச்சம் வைத்தது பன்றியின் பெரிய மனசு. அப்போதே கட்சி அமைப்பாளரிடம் போய்ச் சண்டை பிடித்தோம். அவர் புத்தளத்தில் கடை வைத்திருந்த ஹாஜியார், வாயில் சீனி கரைகிற மனிதர். இனி ஒருநாளும் இது நடக்காது, எம்.பி. மேலிடத்தில் கதைத்து விட்டார் என்று பள்ளிவாசலைப் பார்த்துக் கையை நீட்டிச் சொன்னார். பிறகு அதே எம்.பி. கொழும்பில் தொலைக்காட்சிக்கு முன்னால் இருந்துகொண்டு, கிராமத்து ஆட்களுக்குத் துவக்கு எதற்கு என்று கேட்டதை நாங்கள் தேநீர்க் கடையில் நின்றபடி பார்த்தோம். ஊரில் ஒரு நாக்கு, கொழும்பில் ஒரு நாக்கு.

இந்த முறை எனக்கு என்னைவிட என் மச்சானைப் பற்றித்தான் கவலை. மனைவியின் தம்பி. தொண்ணூறில் புலிகள் முஸ்லிம்களை வெளியேற்றியபோது மன்னாரிலிருந்து உடுத்த உடுப்போடு துரத்தப்பட்டு வந்தவர். அவருடைய வாப்பாவின் துவக்கும், காணியும், மாடும், வீடும் அங்கேயே போனது. இங்கே அகதி முகாமில் தென்னோலைக் கிடுகுக் கொட்டிலில் வளர்ந்து, அதே கொட்டிலில் கல்யாணம் முடித்து, பிள்ளைகளும் பெற்றார். என் காணிக்குப் பக்கத்தில், காட்டை ஒட்டிய துண்டை நான்தான் அவருக்குக் கொடுத்தேன். அந்த மனிதர் பற்றையை வெட்டி, வேரைக் கிளப்பி, முதல் தடவையாக முழுக்கக் கச்சான் கடலை போட்டிருந்தார். வீட்டுக்கு அத்திவாரம் கட்டி வைத்திருந்தார். கச்சானைப் பிடுங்கி விற்றால் மழைக்கு முன் சுவரும் கூரையும். பன்றி தின்றால் இன்னும் ஒரு மாரி கிடுகுக்குக் கீழே. கணக்கு அவ்வளவுதான்.

அவரும் துவக்குக்கு அனுமதி கேட்டுப் பார்த்தார். உங்கள் பதிவு மன்னாரில், அங்கே போய்க் கேளுங்கள் என்றார்கள். அங்கே போனால், நீங்கள் இருப்பது புத்தளத்தில், அங்கே கேளுங்கள் என்றார்கள். கட்சி இதைத் தீர்த்துத் தரும் என்று ஹாஜியார் சொல்லிக்கொண்டே இருந்தார். அதனால் மச்சானின் பயிருக்கும் என் துவக்குத்தான் காவல். அதுவும் பொலிசுக்குப் போனது.

காட்டு மிருகத்துக்குச் செய்தி எப்படிப் போகிறதோ தெரியாது. துவக்குப் போன கையோடு அவை வந்துவிட்டன. எங்கள் வீட்டில் பன்றி என்று வாயால் சொல்ல மாட்டார்கள், "அது" என்பார்கள். "அது நேத்தும் வந்திச்சாம்" என்று மனைவி முகத்தைச் சுளித்துக்கொண்டு சொல்வாள். மச்சான் சலூனிலிருந்து வெட்டிய தலைமயிரைச் சாக்கில் அள்ளி வந்து வேலி நெடுகத் தூவினார். மூக்கில் மயிர் ஏறினால் அது திரும்பிவிடும் என்று சொல்வார்கள். பழைய சாரன்களைக் கட்டித் தொங்கவிட்டார். தகரம் தட்டினார். கொஞ்சம் பலன் இருந்தது, போதுமானதாக இல்லை.

வேலிக்கு அந்தப் பக்கம் ஒரு சிங்களத் தோட்டக்காரர். அவர் என்னை எங்கள் பாணியில் நானா என்று அண்ணனாக்குவார், நான் அவரைச் சிங்களத்தில் மல்லி என்று தம்பியாக்குவேன். அவரும் எங்கள் கட்சி, அவருடைய துவக்கும் பொலிசில். நான் சுட்டு விழுத்துவதை நாங்கள் தொட மாட்டோம். மல்லிதான் ஆட்களோடு வந்து தூக்கிக்கொண்டு போவார், இரண்டு நாள் கழித்து ஒரு கட்டு முருங்கைக்காய் வேலியில் தொங்கும். அது எங்களுக்குள் ஊறிப்போன ஏற்பாடு. அந்த மல்லிதான் முதலில் வாய்விட்டுச் சொன்னார்.

"நம்ம வளர்த்த நாய் நம்மளைத்தான் கடிக்குது நானா. இந்த முறை நான் வோட் போட போறதில்லை."

அதன் பிறகு துவக்கு உள்ளவர்கள் எல்லாரும் தேங்காய் காயவைக்கிற என் கொப்பரா வாடியில் கூடினோம். தாடி நரைத்தவர்கள், ஹஜ்ஜுக்குப் போய் வந்தவர்கள், வாழ்நாளில் ஒரு ஆர்ப்பாட்டத்தில் நின்றறியாதவர்கள். ஒருவருக்கொருவர் சளைக்காமல் கட்சியைத் திட்டினோம். தேர்தல் அன்று வீட்டோடு இருப்போம் என்று முடிவானது. ஹாஜியாரையும் கூப்பிட்டு அதைச் சொன்னோம்.

"பாதுகாப்புப் பிரச்சினை, விளங்கிக்கொள்ளுங்க. கொஞ்சம் பொறுங்க" என்றார் அவர்.

"நாங்க பொறுப்பம். அது பொறுக்குமா ஹாஜியார்?" என்றேன்.

அவர் சிரித்தார். தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்துவிட்டு ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். "கோபம் இரிக்கத்தான் செய்யும். எண்டாலும் நீங்க எங்க போகப்போறீங்க? மத்தக் கட்சிக்கா?"

ஒவ்வொருவராக எழும்பிச் செருப்பைத் தேடினோம். வாப்பா அந்த இடத்தில் இருந்திருந்தால் அவரும் செருப்பைத்தான் தேடியிருப்பார். எங்களை ஹாஜியார் எடைபோட்டு வைத்திருந்தார், எடையும் சரியாகத்தான் இருந்தது. அந்த மனிதரை நான் வெறுக்க ஆரம்பித்தது அந்தக் கேள்வியிலிருந்துதான்.

எம்.பி. வருகிற நாளுக்கு வேட்டு வைக்கத் துவக்கு இல்லை அல்லவா? ஹாஜியார் பெட்டி பெட்டியாகச் சீன வெடி அனுப்பி வைத்தார். மதகடியில் கொளுத்தச் சொல்லிப் பழைய துவக்குக்காரர்களிடமே பங்கு பிரித்துக் கொடுத்தார். அதை வாங்கும்போது பக்கத்தில் நின்ற மச்சானின் கண்ணைப் பார்த்தேன். அவர் என் கண்ணைப் பார்த்தார். பிறகு ஒருவரோடு ஒருவர் கதைக்காமலே எல்லாரும் தங்கள் பங்கைக் கொண்டுவந்து மச்சானின் தோட்டத்துக் காவல் குடிலில் வைத்துவிட்டுப் போனார்கள். காட்டை ஒட்டி இருப்பது அவருடைய துண்டு. அங்கே தடுத்தால் மற்றவர்களுக்கும் பாதுகாப்பு.

எம்.பி.யின் ஜீப் மதகடியில் வந்து நின்றது. அவர் இறங்காமல் காத்திருந்தார். கடல் காற்று மட்டும் அடித்தது. நாங்கள் கையைக் கட்டிக்கொண்டு நின்றோம். எனக்கு உள்ளுக்குள் ஒரு சந்தோசம், வாயைத் திறந்தால் வெளியே விழுந்துவிடும் போல. ஹாஜியாரின் முகம் கறுத்தது.

"எங்க வெடி? கொளுத்துங்களேன்!"

மச்சான் முன்னுக்குப் போனார். ஜீப்பின் கண்ணாடியடியில் நின்று நேராக எம்.பி.யிடமே சொன்னார். "வெடியெல்லாம் என்ட தோட்டத்தில இரிக்குது சேர். நீங்க துவக்கை எடுத்திட்டீங்க, நாங்க வெடியை எடுத்திட்டம். கச்சானைக் காப்பாத்த வேற வழி இல்ல. துவக்கைத் தாங்க, பழையபடி வேட்டு வைக்கிறம்."

எம்.பி. ஜீப்பிலிருந்து இறங்கினார். மச்சானின் தோளில் கையைப் போட்டார். அப்படியே அவரை அணைத்தபடி மேடைக்குக் கூட்டிக்கொண்டு போனார். ஒலிவாங்கியைப் பிடித்து, "இந்த ஊரைப் பாருங்கள்! இங்கே வரவேற்புக்குக்கூட ஒரு வெடிச்சத்தம் இல்லை. யுத்தத்தால் பாதிக்கப்பட்ட இந்தச் சகோதரர் சத்தமே வேண்டாம் என்கிறார். சமாதானம் என்றால் இதுதான்!" என்று முழங்கினார்.

கை தட்டினார்கள். பின்வரிசையில் இருந்தவர்களுக்கு மச்சான் சொன்னது கேட்டிருக்காது. முன்வரிசையில் கேட்டவர்களும் தட்டினார்கள். மச்சான் மேடையில் எம்.பி.யின் கக்கத்துக்குள் நின்றார். சிரிப்பதா அழுவதா என்று தெரியாத முகம். படம் எடுத்தார்கள். வாழ்க்கையில் ஒருவனை இவ்வளவு இலகுவாக வாயடைக்க வைத்ததை நான் பார்த்ததில்லை.

வெடி கொஞ்ச நாள் உதவியது. பிறகு அவை பழகிவிட்டன, வெடியும் முடிந்தது. அதற்குப் பின் மூன்று பேரும் மூன்று மூலையில் நின்றோம். காட்டுப் பக்கம் மச்சான், தெற்கே நான், கிணற்றடியில் மல்லி. ஒரு மூலையில் தகரம் அடித்தால் மற்ற மூலைக்கு ஓடும், அங்கேயும் ஆள் நிற்கும், திரும்பிவிடும். மூன்று பேர் இருந்தால் ஒருமாதிரி சமாளிக்கலாம். கச்சான் முற்றிக்கொண்டு வந்தது. இன்னும் ஒரு கிழமை தாண்டினால் பிடுங்கலாம் என்று மச்சான் செடியைக் கிளப்பிக் கோதை உடைத்துப் பார்த்துச் சொன்னார்.

தேர்தலுக்கு முதல் நாள் பின்னேரம் கட்சி பஸ் வந்தது. மன்னாரில் பதிவுள்ளவர்களை அங்கே கொண்டுபோய் வாக்குப் போட வைக்கிற பஸ். நாங்கள் பேசிய முடிவுப்படி மச்சான் போகக் கூடாது. முடிவைவிட, தோட்டத்தை விட்டுப் போகவே கூடாது. நான் அவருடைய கையைப் பிடித்தேன்.

"போவாதீங்க மச்சான். பயிர் இங்க, வாக்கு அங்க. எது சோறு போடும்?"

"எனக்குத் தெரியாதா மச்சான்? ஹாஜியார் சொல்றார், இந்த முறை போடாத ஆக்கள்ட பேரை அங்க வெட்டிருவாங்களாம். பேர் போனா காணியும் போயிரும். வாப்பாட காணி. நம்ம ஆக்கள் வெண்டாத்தான் அதைத் திருப்பி எடுக்கலாமாம்."

"அவர் எத்தினை சொன்னவர்!"

"ஓம். எண்டாலும் வேற யாரு சொல்றாங்க?"

பிடித்திருந்த கையை விட்டேன். அவர் பஸ்ஸில் ஏறினார். ஜன்னலால் தோட்டத்துப் பக்கமே பார்த்துக்கொண்டு போனார்.

நானும் மல்லியும் எங்களால் முடிந்த மட்டும் ஓடினோம். இரண்டு பேரால் மூன்று மூலையைப் பிடிக்க முடியாது. விடிந்து பார்த்தபோது கச்சான் பாத்தி முழுக்க உழுது போட்டது போலக் கிடந்தது. மல்லி வரம்பில் குந்தியிருந்து சிங்களத்தில் கெட்ட வார்த்தையெல்லாம் சொல்லி முடித்தார். பிறகு எழும்பி, "வாங்க நானா, வோட் போட போவோம்" என்றார். நான் போனேன். காலில் ஒட்டிய மண்ணைக்கூடத் தட்டாமல் வரிசையில் நின்றோம். வாடியில் கூடியிருந்த தாடிக்காரர்கள் எல்லாரும் அங்கே நின்றார்கள், ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல். உள்ளே போய்ச் சீட்டை விரித்தேன். கை வாப்பாவின் சின்னத்துக்குத்தான் போனது. எங்கே போகப்போகிறீர்கள் என்று கேட்டவன் எங்களை எங்களைவிட நன்றாக அறிந்திருந்தான்.

மச்சான் மறுநாள் மதியம் ளுஹர் தொழுகைக்கு முன் வந்தார். பஸ்ஸிலிருந்து இறங்கி வீட்டுக்குப் போகாமல் நேரே தோட்டத்துக்கு வந்தார். எப்படிச் சொல்வது என்று நான் ஒத்திகை பார்த்து வைத்திருந்தது ஒன்றும் தேவைப்படவில்லை. பார்த்தார். செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு உள்ளே இறங்கி, குந்தியிருந்து, கிளறிப்போட்ட மண்ணை இரண்டு கையாலும் தட்டித் தட்டி, தப்பிக் கிடந்த கச்சானைப் பொறுக்க ஆரம்பித்தார். இடது கைச் சின்னவிரலில் மை இன்னும் கறுப்பாக இருந்தது. நானும் இறங்கிப் பக்கத்தில் குந்தினேன். சாரனின் மடியில் ஒரு பிடி சேர்ந்ததும் தலையை நிமிர்த்தாமலே கேட்டார்.

"நம்மட ஆக்கள் வெண்டுட்டாங்களா மச்சான்?"

"ஓம்" என்றேன்.

"அல்ஹம்துலில்லாஹ்" என்றார்.

கேலியாகச் சொல்லியிருந்தால் நானும் சேர்ந்து சிரித்திருப்பேன். அவர் மனதாரத்தான் சொன்னார்.