சாணிக்குக் காவல்

தேயிலை விலை தரைதட்டிய வருஷம் பந்தலூர்ப் பக்கத்து எஸ்டேட்டுகள் ஒவ்வொன்றாக மூடின. ஞானசுந்தரி இருபத்திரண்டு வருஷம் கொழுந்து பறித்த எஸ்டேட்டும் மூடியது. "மறுபடி கூப்பிடுவோம்" என்று சொல்லி அனுப்பினார்கள். கூப்பிட்ட சத்தம் இன்னும் அவள் காதில் விழவில்லை. எஸ்டேட் லயத்தின் வரிசை வீட்டில் படுக்கையாகக் கிடந்த கணவன் பழனியாண்டிக்கு மருந்து வாங்கியாக வேண்டும். கூடலூர் தாண்டி மசினகுடிக்கு வேலை தேடி வந்தாள்.

கிடைத்தது, சாணிக்குக் காவல். சிரிக்க வேண்டாம், அரசாங்க முத்திரை குத்திய தற்காலிக வேலை. இடுப்பளவு புல்லும் அங்கொன்றும் இங்கொன்றுமாக மரமும் நிற்கும் காட்டில் கயிறு கட்டிய எட்டுக் கட்டங்கள். யானையும் காட்டெருமையும் மாடும் போடும் சாணம் எத்தனை நாளில் மண்ணோடு சேர்கிறது, அதில் எவ்வளவு புல் முளைக்கிறது என்று கோயமுத்தூரிலிருந்து வந்த ஆராய்ச்சி மாணவி ராஜப்ரியா இரண்டு வருஷமாக அளந்துகொண்டிருந்தாள். காட்டுச் சாணத்தை லாரி லாரியாக வெளியூருக்கு அள்ளிப்போவதை இந்த ஆராய்ச்சியைக் காட்டி நிறுத்திவிடலாம் என்று நம்பினாள். சின்ன வயசு, நம்பத்தான் செய்வாள்.

"அக்கா, உள்ளாற இருந்து ஒண்ணையும் எடுக்காதீங்க, ஒண்ணையும் போடாதீங்க. சும்மா பாத்துக்குங்க, போதும்."

எஸ்டேட்டில் யாரும் அவளுக்குக் கற்றுத்தராத ஒரே வேலை, சும்மா இருப்பது.

ஆறு மாதம் இருந்தும் பார்த்தாள். ராஜப்ரியா ஊருக்குப் போயிருந்த வாரத்தில், மேலதிகாரி பார்வையிட வருகிறார், அவருக்குப் பிடித்தால் வேலை நிரந்தரம் என்று சேதி வந்தது. பெரிய துரை வந்தால் எஸ்டேட்டில் களை பிடுங்குவார்கள், பாதையோரக் கல்லுக்கு வெள்ளையடிப்பார்கள். ஞானசுந்தரியும் அதையே செய்தாள். முதல் கட்டத்தின் சாணம், சருகு, காய்ந்த புல் அத்தனையையும் கூட்டி ஓடையில் கொட்டினாள். சுற்றிலும் வெள்ளைக் கல் அடுக்கினாள்.

அதிகாரியோடு ஜீப்பில் வந்திறங்கிய ராஜப்ரியா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"ஏனுங்கக்கா இப்படிப் பண்ணிப்போட்டீங்க? ரெண்டு வருசம் போச்சுங்களே!"

வேலை போயிற்று என்று ஞானசுந்தரி துடைப்பத்தை முதுகுக்குப் பின்னால் ஒளித்தாள். அதிகாரிக்கோ முகமெல்லாம் சிரிப்பு.

"அருமை! பாதுகாப்புன்னா இதுதாங்க. மத்த ஏழும் ஒரே சாணி. இந்தம்மாவுக்கு நிரந்தர ஆர்டர் போட்டு, எல்லாத்தையும் இப்படி ஆக்கச் சொல்லுங்க."

எவ்வளவு படித்தால் இப்படிப் பேச வரும்!

ஆர்டர் அரசாங்க வேகத்தில் நடந்து வருவதற்குள் மழை வந்தது. ஏழு கட்டங்களில் புல் மண்டியது. முதல் கட்டம் மட்டும் வெளிறி, இறுகிக் கிடந்தது. ஞானசுந்தரி குனிந்து மண்ணைக் கீறிப் பார்த்தாள். இந்த மண்ணை அவளுக்குத் தெரியும். விலை விழுந்த பிறகு எஸ்டேட்டில் உரத்தை நிறுத்தினார்கள், பறிப்பதை நிறுத்தவில்லை. அங்கேயும் மண் இப்படித்தான் செத்தது.

"எங்க எஸ்டேட்டும் மூடுற அன்னிக்கு வரைக்கும் சுத்தமாத்தான் இருந்திச்சு, மேடம்" என்று ராஜப்ரியாவிடம் சொன்னாள். செய்த தப்பு அப்போதுதான் நெஞ்சில் குத்தியது.

"மத்ததைக் கூட்ட மாட்டேன்னு சொல்லிப்போடுங்கக்கா. நானும் மேல எழுதறேனுங்க."

மறுநாள் ஆர்டர் வந்தது. ஏழு கட்டங்களையும் சுத்தம் செய்தால்தான் வேலை. பழனியாண்டியின் மருந்து அன்றைக்கு இரண்டு வேளைக்குத்தான் மிச்சம்.

ஞானசுந்தரி இரண்டாவது கட்டத்தில் இறங்கினாள். அழுதுகொண்டேதான் கூட்டினாள். ஆனால் ஒரு சருகு மிச்சம் வைக்கவில்லை, அரைகுறை வேலை அவளுக்கு வராது.