வேண்டாவின் வண்டியும் என் ஹாரனும்

மெட்ராஸில் பழைய சாமான் கடைகளில் அலைந்து, கடைக்காரனோடு மல்லுக்கட்டி வாங்கி வந்த ஹாரன் அது. பித்தானை அமுக்கினால் போதும், கடல் சத்தத்தையும் மீறிக் கத்தும். மாமல்லபுரத்துக்கு வருகிற பஸ்ஸுக்குக்கூட அப்படி ஒரு குரல் கிடையாது. அதை வேண்டாவின் வண்டியில் மாட்டி ஒரு வாரம் ஆகவில்லை. பஸ் நிற்கிற இடத்தில், டீக்கடை நிறைய ஆள் பார்த்துக்கொண்டிருக்கும்போது, "கழட்டு பாய் இத்த" என்றாள். கழற்றினேன். அந்தக் குறை எனக்குள் வருஷக்கணக்காகக் கிடந்தது. அவளைப் பற்றி எழுத உட்கார்ந்தால் இப்போதும் அதுதான் முன்னால் வந்து நிற்கிறது.

வேண்டா பிள்ளைப்பேறு பார்க்கிறவள். பிறந்தது அச்சரப்பாக்கம் பக்கம், ஏரிப் பாசன ஊர். நாலு பெண்ணுக்குப் பிறகு ஐந்தாவதும் பெண் என்றதும் அப்பன் கோபத்தில் வைத்த பேர் அது. அவள் அதற்காக வருத்தப்பட்டு நான் பார்த்ததில்லை. புருஷன் அப்பாசாமி, கடற்கரைப் பங்களாவில் ஒரு வெள்ளைக்காரத் துரையிடம் தோட்டக்காரன். அவன் செத்துப்போன பிறகும் இவள் இங்கேயே இருந்துவிட்டாள். ஒருமுறை மாட்டுவண்டி குடை சாய்ந்ததில் இடுப்பெலும்பு விலகிப்போயிற்று. அதற்கப்புறம் கோல் ஊன்றித்தான் நடை. பக்கத்துக் குப்பமான தேவனேரிக்குப் போய்ச் சேருவதற்குள் அங்கே குழந்தை பிறந்து அழுதுகொண்டிருக்கும்.

அந்தத் துரைக்கு முழங்கால் சரியில்லை. பங்களாவிலிருந்து கடற்கரைக்குப் போக, கப்பலில் ஒரு சின்ன வண்டி வரவழைத்து வைத்திருந்தார். சீமையில் புல்வெளியில் பந்தடிக்கிறவர்கள் ஏறிப் போகிற வண்டியாம். பெட்ரோல் கிடையாது, புகை கிடையாது. சீட்டுக்கு அடியில் ஆறு பேட்டரி, அவ்வளவுதான். ஒரு புயல் மழையில் துரைசானிக்கு மாசம் நிறையுமுன் வலி கண்டுவிட்டது. செங்கல்பட்டு ஆஸ்பத்திரிக்குக் கார் போக வழியில்லை. வேண்டாதான் பார்த்தாள். தாயும் பிள்ளையும் பிழைத்தார்கள். துரை ஊருக்குத் திரும்பும்போது, "இது உனக்கு" என்று வண்டியையும் சார்ஜ் ஏற்றும் பெட்டியையும் அவளுக்கே கொடுத்துவிட்டுப் போனார்.

அப்படித்தான் அவள் என் கடைக்கு வந்தாள். நான் மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன். செங்கல்பட்டில் பஸ் ஷெட்டில் வேலை பழகி, இங்கே பஸ் பேட்டரிக்கும் ரேடியோ பேட்டரிக்கும் சார்ஜ் ஏற்றிப் பிழைத்தேன்.

அவள் கேட்டது ஒரே ஒரு விளக்கு. நீள வயரில் கட்டி, குடிசைக்குள் கொண்டுபோகிற கை விளக்கு.

"மண்ணெண்ணெய் விளக்குல தொப்புள்கொடி எது, நிழல் எதுன்னு தெரியல பாய். புள்ள இன்னா சூரியனக் கேட்டுக்கினா வருது?"

எனக்கு ஆசை விடவில்லை. அவள் கேட்ட கை விளக்கோடு முன்னால் பெரிய விளக்கு, பின்னால் சிவப்பு, கூரையில் பச்சையும் நீலமுமாய் இரண்டு பல்பு, கடைசியில் அந்த ஹாரன். மோட்டார் சைக்கிள் பல்புக்கு ஒரு பேட்டரியின் கரண்டே சரியாக இருக்கும். ஆகவே சீட்டைத் தூக்கினால் கைக்கு எட்டுகிற ஓரத்துப் பேட்டரியில் எல்லா வயரையும் கொண்டுபோய் முடிந்தேன். எந்த மெக்கானிக்கும் அப்படித்தான் செய்வான்.

வண்டி ஜோராகப் போயிற்று, தேவனேரி மேடு வரைக்கும். அங்கே மூச்சு வாங்கி நின்றுவிட்டது. வலை உலர்த்திக்கொண்டிருந்தவர்கள் வந்து தள்ளினார்கள்.

"இன்னா வேண்டாக்கா, தொர வண்டிக்கு நாங்கதான் மாடா?"

"மாடுன்னா கொம்பு இருக்கணும்டா. தள்ளு, பேசாத."

கடைக்கு வந்ததும் சார்ஜ் எவ்வளவு என்று காட்டுகிற மிதவைக் குழாயில் ஒவ்வொரு பேட்டரியாக ஆசிட்டை உறிஞ்சிப் பார்த்தேன். ஐந்தில் மிதவை நன்றாக மேலே நின்றது. ஓரத்துப் பேட்டரியில் மட்டும் அடியில் கிடந்தது. அவளிடம் விஷயத்தைச் சொன்னேன். வண்டியை இழுக்கிற வேலை ஆறுக்கும் ஒன்றுபோல. விளக்கும் ஹாரனும் அந்த ஒன்றுக்கு மட்டும் கூடுதல் சுமை. சார்ஜ் ஏற்றினாலும் மற்றதெல்லாம் நிறைந்துவிடும், இது நிறையாது. ஆறும் ஒரே சங்கிலியாகக் கோத்தது, இது படுத்தால் ஆறும் படுத்தது மாதிரிதான். விளக்குக்கென்று தனியாக இன்னொரு பேட்டரி வைக்கலாம் என்றேன்.

"அந்த கனத்த யாரு இழுக்கறது? ஏற்கெனவே நான் ஒருத்தி குந்திக்கினு கீறேன்."

கோல் முனையால் ஒவ்வொரு பேட்டரியாகத் தொட்டு எண்ணினாள்.

"ஏன் பாய், எங்க ஊர்ல ஏரித் தண்ணி கொறஞ்சா ஒரே மடையிலயா எடுப்பாங்க? மொற வெப்பாங்க. இன்னிக்கி இந்த மட, நாளைக்கி அடுத்த மட. இதுக்கும் மொற வெச்சா இன்னா?"

நான் சிரித்தேன். யோசித்துப் பார்த்ததும் சிரிப்பு நின்றது. வயர் முனையில் இரண்டு கவ்வி போட்டேன், எந்தப் பேட்டரியிலும் மாட்டிக் கழற்றலாம். அவள் தன் பழைய புடவையில் மஞ்சள் துணி ஒன்றைக் கிழித்து, விளக்குக்கு முறை எந்தப் பேட்டரியோ அதில் கட்டினாள். ஒவ்வொரு சார்ஜுக்கும் துணி அடுத்த பேட்டரிக்குப் போகும். "இன்னிக்கி மேல மட, பாய்" என்பாள், "நாளைக்கிக் கோயில் மட." என் கடையில் ஒரு குட்டி ஏரியே நடந்தது. வண்டி அப்புறம் மேட்டில் நிற்கவில்லை.

முறை வைத்த கையோடு கலர் பல்பும் வேண்டாம், ஹாரனும் வேண்டாம் என்று சொல்லிவிட்டாள். அதைத்தான் முதலில் சொன்னேன்.

"மொறத் தண்ணிய எடுத்து யாருனா மஞ்சத்தண்ணி ஊத்தி வெளாடுவாங்களா? எனக்குத் தொண்ட கீது. அது போதும்."

ஹாரனைக் கடைப் பரணில் போட்டேன். ஒரு மாசம் அவளோடு முகம் கொடுத்துப் பேசவில்லை.

என் சம்சாரம் ஷாஜாதி தலைப்பிரசவத்துக்கு நெம்மேலியில் தாய் வீட்டில் இருந்தாள். ஒரு நாள் சாயங்காலம் கருவாட்டு வண்டிக்காரன் வந்து, "காலையிலேர்ந்து வலி, புள்ள எறங்கல" என்றான். வேண்டா அப்போதுதான் கொக்கிலமேட்டில் ஒரு பிரசவம் பார்த்துவிட்டுத் திரும்பியிருந்தாள். வண்டியில் பாதி சார்ஜ்கூட இருக்காது. ஏற்றிக்கொண்டிருக்க நேரமும் இல்லை.

"ஏறு பாய்" என்றாள்.

பனந்தோப்பு வழி. வெளிச்சம் மங்க ஆரம்பித்திருந்தது. முன் விளக்கைப் போடக் கை நீட்டினேன், கையில் ஒரு அடி வைத்தாள்.

"தொடாத. அந்த கரண்டு உள்ள கை வெளக்குக்கு வோணும். நீ எறங்கி முன்னால ஓடு. ஆளு, ஆடு, மாடு எது வந்தாலும் கத்து. இன்னிக்கி நீதான் ஹாரன்."

ஓடினேன். "ஓரம் போ! ஓரம் போ!" என்று நெம்மேலி வரை கத்திக்கொண்டே ஓடினேன். மேட்டில் தள்ளினேன். எதிரே தலைச்சுமையோடு வந்த பெண்கள் இது என்ன கிறுக்கு என்று ஒதுங்கினார்கள்.

வண்டியை மாமியார் வீட்டு ஜன்னலை ஒட்டி நிறுத்தச் சொன்னாள். கை விளக்கு ஜன்னல் வழியாக உள்ளே போயிற்று. மாமியார் சுல்தான் பீவி அதைப் பிடித்துக்கொண்டாள். நான் வெளியே, கவ்வியை விரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டு வண்டி அருகில் உட்கார்ந்திருந்தேன். உள்ளே ஷாஜாதி கத்துகிற சத்தம் நின்று நின்று வந்தது. ஜன்னல் வெளிச்சம் மங்குகிறதா என்று மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன். அல்லாவிடம் துஆ கேட்டது அந்த ஆறு பேட்டரிக்கும் சேர்த்துத்தான்.

"கொடி கழுத்துல சுத்திக்கினு கீது. அம்மா, வெளக்கக் கீழ புடி. இன்னும் கீழ. ஆடாத" என்று வேண்டாவின் குரல் கேட்டது. பிறகு சத்தமே இல்லை. பிறகு குழந்தை அழுதது.

ஜன்னலில் வெளிச்சம் அப்படியே இருந்தது. மஞ்சள் துணி கட்டியிருந்த பேட்டரியை நான் தடவிக் கொடுத்தேன். பேட்டரியைத் தடவிக் கொடுத்த முதல் ஆள் நானாகத்தான் இருப்பேன்.

மறுநாள் வண்டி வீடு திரும்பியது மாட்டுவண்டியின் பின்னால் கயிறு கட்டித்தான். வேண்டா அதில் உட்கார்ந்தபடி வெற்றிலை போட்டுக்கொண்டு வந்தாள். "இப்ப கொம்போட மாடு கெடச்சிது பாத்தியா" என்றாள். எங்கள் மகள் உம்மு சல்மாவை எப்போது பார்த்தாலும் கழுத்தைத்தான் முதலில் தொட்டுப் பார்ப்பாள்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்தொன்பதாம் வருஷம் அவளுக்கு நெஞ்சில் சளி கட்டி, படுக்கையில் விழுந்தாள். முதலில் போனது குரல். சர்க்காரில் சாராள் என்று புது நர்ஸம்மா வந்திருந்தாள். கைராசிக்காரி, ஆனால் பேசினால் பக்கத்தில் இருக்கிறவருக்கே கேட்காது. வண்டியை அவளுக்கு என்று வேண்டா முடிவு செய்துவிட்டாள். மஞ்சள் துணி முறையையும் சொல்லிக் கொடுத்தாயிற்று.

கடைசியாக நான் பார்க்கப் போனபோது கிட்டே வரச் சொல்லி, காதோரம் காற்றாகப் பேசினாள்.

"அந்த ஹாரனு இன்னும் வெச்சிக்கினு கீறியா?"

"பரண்ல கீதுக்கா."

"எனக்குத் தொண்ட இருந்துச்சி. அந்தப் பொண்ணுக்கு இல்ல. எவன் வழி வுடுவான்?" மூச்சு வாங்கிக்கொண்டாள். "அத்த எடுத்தாந்து வண்டில மாட்டிடு பாய். மாட்டிட்டு, வூட்டு வாசல்ல நிறுத்தி ஒரு வாட்டி அமுக்கு. நான் கேக்கணும்."