திருகில் கை வைத்தவர்கள்

எங்கள் கார் ஸ்டாண்டில் பதினாறு வண்டிகள். பதினைந்துக்கு ஆண் டிரைவர்கள், ஒன்றுக்கு அருணாதேவி. நான் கண்ணாயிரம், அந்தப் பதினைந்தில் ஒருவன். முப்பது வருடமாக ஸ்டீயரிங் பிடிக்கிறேன். இன்ஜினைப் பற்றி எனக்குத் தெரியாதது எதுவும் இல்லை என்று போன மார்கழி வரை நினைத்துக்கொண்டிருந்தேன். அந்த நினைப்பில் மண் விழுந்த கதைதான் இது. அருணாதேவியைப் புகழ்ந்து தள்ளப் போகிறேன் என்று யாரும் எண்ண வேண்டாம். அவளுக்கு வாய் ஜாஸ்தி. அதுவும் இதில் வரும்.

ஸ்டாண்டு இருப்பது வேங்கிக்காலில், கலெக்டர் ஆபீசுக்கு எதிர்ச் சாரியில். அருணாதேவி கீழ்பென்னாத்தூர்ப் பக்கம் வேர்க்கடலை போடுகிற குடும்பத்துப் பெண். பாலிடெக்னிக்கில் எலக்ட்ரானிக்ஸ் படித்துவிட்டு, இங்கே ஒரு இன்வெர்ட்டர் கடையில் பன்னிரண்டு வருடம் வேலை பார்த்தாள். கெட்டுப்போன போர்டுகளை எல்லாம் உள் அறையில் உட்கார்ந்து அவள்தான் சரி செய்வாள். முதலாளி வெளியே வந்து, "நம்ம இன்ஜினியர் பாத்துட்டார்" என்று வாடிக்கையாளரிடம் சொல்லுவார். கடையில் இன்ஜினியர் என்று யாரும் கிடையாது. ஒருநாள் அவளே வெளியே வந்து, "நான்தாங்க பாத்தேன்" என்று சொல்லிவிட்டாள். மறுநாள் வேலை போயிற்று.

அதற்காக அவள் அழவில்லை. டாக்ஸி ஓட்டுவதற்கான பேட்ஜ் எடுத்தாள், ஒரு பழைய பெட்ரோல் கார் வாங்கினாள், நேராக எங்கள் ஸ்டாண்டுக்கு வந்து நின்றாள். எங்கள் தலைவர் பரசுராமன் நல்ல மனிதர்தான். ஆனால் அன்றைக்கு அவர் சொன்னது, "லேடீஸுக்கு இங்க பாத்ரூம் வசதிகூட இல்லம்மா."

"எதிர்லயே கலெக்டர் ஆபீஸ் இருக்குதுங்கண்ணா. அங்க இருக்குது," என்றாள் அவள். அவர் நோட்டை எடுத்தார். அவள் பெயர் பதினாறாவதாகச் சேர்ந்தது.

மூன்று வருடம் நன்றாக ஓட்டினாள். போன ஐப்பசி மழையில் அவள் வண்டிக்குள் தண்ணீர் ஏறி, இன்ஜினை நடத்துகிற கம்ப்யூட்டர் செத்துப்போனது. இந்தப் பழைய மாடலுக்கு அந்தப் பெட்டி இப்போது வருவதில்லை, எடைக்குப் போட்டுவிடுங்கள் என்று ஷோரூமில் சொல்லிவிட்டார்கள். இன்னொரு வண்டி வாங்குகிற நிலைமையில் அவள் இல்லை. வெளியூரிலிருந்து வேறு ஒரு கம்ப்யூட்டரை வரவழைத்தாள். ரேஸ் வண்டிக்காரர்கள் போடுவார்களாமே, எதை எப்படிச் செய்ய வேண்டும் என்று நாம் லேப்டாப்பில் சொல்லிக் கொடுக்க வேண்டிய பெட்டி, அது. நான்கு நாள் உட்கார்ந்து ஒவ்வொரு ஒயராக அவளே சேர்த்தாள். நாங்கள் டீ குடித்துக்கொண்டே சிரித்தோம். ஐந்தாம் நாள் வண்டி ஸ்டார்ட் ஆகி ஸ்டாண்டுக்கு வந்து நின்றது.

வந்தது, ஆனால் ஐட்லிங் சரியில்லை. சிக்னலில் நிற்கும்போது பெடலில் கால் இல்லாமலே இன்ஜின் சீராக ஓட வேண்டும் அல்லவா? இது ஏசி போட்டால் தடுமாறியது. "பொட்டிக்கு இன்னும் சொல்லிக் குடுக்கணும்ணா. ரெண்டு வாரம் ஆவும்," என்றாள். நாளாக ஆகச் சரியாகியிருக்க வேண்டும். மோசமானது. இன்ஜின் சுற்றைக் காட்டுகிற மீட்டர் முள் ஆயிரத்தைந்நூறுக்கு ஏறும், ஐந்நூறுக்கு இறங்கும், மறுபடி ஏறும், பிறகு மூச்சு நின்றுவிடும். ஆஸ்பத்திரிக்குப் போகிற தங்கம்மாள் என்ற அம்மா, ஒரே சிக்னலில் மூன்று தடவை வண்டி ஆஃப் ஆனதும், பாதி வழியில் இறங்கி ஆட்டோ பிடித்துப் போய்விட்டார்.

விஷயம் பரசுராமன் காதுக்குப் போனது. பௌர்ணமிக்கு மூன்று நாள்தான் இருந்தது. எங்கள் ஊர்ப் பௌர்ணமியைப் பற்றிச் சொல்ல வேண்டும். அன்று கிரிவலப் பாதையில் வண்டி விடமாட்டார்கள். பஸ்களை எல்லாம் ஊருக்கு வெளியே நிறுத்திவிடுவார்கள். அங்கிருந்து ஜனங்களை ஏற்றி இறக்குவது எங்கள் வேலை. இரண்டு கிலோமீட்டருக்கு ஒரு மணி நேரம் ஆகும், அதில் முக்கால்வாசி நேரம் நின்ற இடத்திலேயே நிற்க வேண்டும். நடு ரோட்டில் ஒரு வண்டி ஆஃப் ஆனால் பின்னால் இருப்பவன் எல்லாம் எங்கள் ஸ்டாண்டைத்தான் திட்டுவான்.

"பொட்டியக் கழட்டிட்டு வண்டிய எடைக்குப் போட்டுடும்மா. பௌர்ணமில நம்ம பேரு கெடக் கூடாது. இல்லன்னா ஸ்டாண்டுலேர்ந்து உன் பேரை எடுக்கற மாதிரி ஆயிடும்," என்றார் பரசுராமன்.

"கழட்ட மாட்டேங்கண்ணா. பேரை எடுக்கறது உங்க இஷ்டம். ஆனா பௌர்ணமில என் வண்டி நின்னா எடுங்க. அதுக்கு முன்னால எடுக்காதீங்க," என்றாள்.

குரல் உயரவில்லை. எனக்கே கோபம் வந்தது. பெரியவர் சொன்னால் தலையாட்டிவிட்டுப் போனால் என்ன குறைந்துவிடும்? அவளுக்கு அந்தப் பழக்கம் இல்லை.

இப்போது எங்கள் ஸ்டாண்டு வழக்கம் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். வண்டிகள் வரிசையில் நிற்கும். முதல் வண்டி சவாரிக்குப் போனால் மற்றவை ஒரு வண்டி நீளம் முன்னால் நகர வேண்டும். அதனால் சாப்பிடப் போகிறவர்கள் சாவியை வண்டியிலேயே விட்டுவிட்டுப் போவோம், இருப்பவர்கள் நகர்த்திக்கொள்வார்கள். அருணாதேவியும் அப்படித்தான் விட்டுவிட்டுப் போவாள்.

பௌர்ணமிக்கு முந்தின நாள் காலையில் அவள் லேப்டாப்பைத் திறந்து கையில் ஏந்திக்கொண்டு எங்கள் நடுவில் வந்து நின்றாள். கண் இரண்டும் சிவந்திருந்தது.

"என் வண்டித் திருகுல யாரு கை வெச்சது?"

எந்தத் திருகு என்று சொல்லிவிடுகிறேன். இன்ஜினுக்குள் காற்று போகிற வழியில் ஒரு மூடி இருக்கும். பெடலை மிதித்தால் திறக்கும், விட்டால் மூடும். எதுவரை மூட வேண்டும் என்று ஒரு சின்னத் திருகு தடுத்து நிறுத்தும். அந்தக் காலத்து வண்டிகளில் அதைக் கால் சுற்று சுற்றினால் ஐட்லிங் ஏறிவிடும், வேலை முடிந்தது. அவள் அதைத்தான் கேட்டாள்.

"பெடல்லேர்ந்து காலை எடுத்தா அந்த மூடி சைபர்னு முதல் நாளே பொட்டிக்குச் சொல்லி வெச்சிருந்தேன். இப்ப காலை எடுத்தாலும் நாலு பர்சென்ட் தொறந்தே இருக்குது. டிரைவர் மிதிச்சிக்கினு இருக்கான், ஐட்லிங்கை நாம பாக்க வேண்டியதில்லன்னு பொட்டி சும்மா இருந்துடுது. நான் இத்தினி நாளா பெட்ரோலை ஜாஸ்தி பண்ணி, கம்மி பண்ணி, மண்டையை ஒடச்சிக்கினு இருக்கேன். பொட்டி எல்லாத்தையும் பதிவு பண்ணி வெச்சிருக்குது. வெள்ளிக்கிழமை மத்தியானம் ஒரு பர்சென்ட். சனிக்கிழமை மத்தியானம் ரெண்டு. திங்கக்கிழமை நாலு. வீட்ல நின்ன ஞாயித்துக்கிழமை ஏறவே இல்ல."

வெள்ளிக்கிழமை மத்தியானம் அவள் சாப்பிடப் போனபோது அந்த வண்டியை நகர்த்தியவன் நான். இரண்டு தடவை ஆஃப் ஆனது. பாவம், அந்தப் பெண் படாத பாடு படுகிறதே என்று பானெட்டைத் திறந்து, திருப்புளியால் கால் சுற்று சுற்றினேன். உதவி செய்த திருப்தியோடு டீயும் குடித்தேன்.

"நான்தாம்மா," என்றேன். "வெள்ளிக்கிழமை."

சனிக்கிழமை நான் என்றான் இன்னொரு டிரைவர் முருகவேல். அவனுக்கும் அதே பரிதாபம்தான். திங்கட்கிழமைதான் பாக்கி. பரசுராமன் தோள் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார். "ஐட்லிங் ரொம்ப இறங்கி இருந்துச்சிம்மா. ஒரு அரைச் சுத்துதான்," என்றார்.

அவள் எங்கள் மூன்று பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். திட்டியிருந்தால் பரவாயில்லை என்று இருந்தது.

"உங்க வண்டில நான் என்னிக்காவது கை வெச்சிருக்கனா? என்னைக் கேக்கணும்னு ஒருத்தருக்கும் தோணல. முருகவேல் வண்டியா இருந்தா கேட்டிருப்பீங்க. பொம்பளை மாட்டுன பொட்டிதானே, அவளுக்கு இன்னா தெரியும்னு நினைச்சிட்டீங்க."

நான் அப்படி நினைக்கவில்லை என்று சொல்ல வாயெடுத்தேன். ஆனால் நினைத்திருந்தேன். வெட்கமாகிவிட்டது.

அரை மணி நேரத்தில் திருகைப் பழைய இடத்தில் வைத்து இறுக்கினாள். இதுதான் சைபர் என்று பெட்டிக்கு மறுபடி சொன்னாள். ஏசி போட்டால் எவ்வளவு காற்று கூட்ட வேண்டும் என்பதையும் சொல்லிக் கொடுத்தாள். வண்டியில் கிடந்த தன் மகளுடைய சிவப்பு நகப்பூச்சை எடுத்துத் திருகின்மேல் ஒரு சொட்டு வைத்தாள், இனி யார் தொட்டாலும் விரிசல் காட்டிக்கொடுத்துவிடும். பிறகு பரசுராமனிடம், "நாளைக்கு என் வண்டி நிக்குதா இல்லையான்னு பாக்க ஒரு ஆளை அனுப்புங்க. கண்ணாயிரம் அண்ணாவே வரட்டும்," என்றாள்.

பௌர்ணமி அன்று பிற்பகல் மூன்று மணிக்கு முன் சீட்டில் ஏறினேன். பின்னால் வெளியூர்ப் பெண்கள் மூன்று பேர். மார்கழியில் ஏசி எதற்கு என்று அவர்கள் கேட்டும் போட்டாள். வேண்டுமென்றேதான் போட்டாள். நூறு அடி போவோம், பத்து நிமிடம் நிற்போம். வெளியே போலீஸ் விசில், வாழைப்பழக் கூடைகள், குறுக்கே நடக்கிற ஜனம். நான் எதையும் பார்க்கவில்லை. மீட்டர் முள்ளைத்தான் பார்த்தேன்.

ஏசி கம்ப்ரஸர் டக்கென்று ஓடத் தொடங்கி இன்ஜினை இழுத்தது. முள் எண்ணூறிலிருந்து சரிந்தது. எழுநூறு. அறுநூற்றைம்பது. என் வலது கால் தானாகவே தரையை அழுத்தியது. கை எதையாவது பிடித்துத் திருகத் துடித்தது.

"கொஞ்சம் ரேஸ் பண்ணும்மா," என்றேன்.

"மாட்டேன். கைய மடியில வெச்சிக்கினு ஒக்காருங்கண்ணா. அது தானா எழுந்துக்கும், விடுங்க."

அவள் கால் பெடலில் இல்லை. தூக்கித் தரையில் வைத்திருந்தாள், நான் பார்க்கட்டும் என்று. முள் அறுநூற்றைம்பதில் ஒரு கணம் நின்றது. பிறகு யாரும் தொடாமல் எழுநூறுக்கு வந்தது, எண்ணூறுக்கு வந்தது, அங்கேயே நின்றுவிட்டது. எனக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. முப்பது வருடத்தில் ஒரு இன்ஜினைத் தொடாமல் நான் விட்டதே இல்லை.

அன்று நான்கு தடவை போய் வந்தோம். ஒரு தடவைகூட ஆஃப் ஆகவில்லை. கடைசியாகத் திரும்பியபோது பரசுராமன் ஸ்டாண்டில் நின்றிருந்தார். நான் கண்ணாடியை இறக்கி, "நிக்கல தலைவரே," என்றேன்.

அவர் குனிந்து அவளைப் பார்த்தார். "நல்லதுதாம்மா. பேரை எடுக்க வேண்டிய வேலை இல்லாம போச்சி."

"எடுத்திருந்தாலும் நாளைக்குக் காலைல ஆறு மணிக்கு இதே எடத்துலதாங்கண்ணா வண்டியப் போட்டிருப்பேன்," என்றாள் அருணாதேவி. "கொஞ்சம் தள்ளி நில்லுங்க, ரிவர்ஸ் எடுக்கணும்."

அவர் தள்ளி நின்றார்.