யார் வைத்த ஜாகா?

2024 ஜூலை 16, செவ்வாய்க்கிழமை. ஐந்தரைக்கு எழுந்து, குளித்து, சாமிக்கு விளக்கேற்றிவிட்டுக் கணவரை எழுப்பினேன். இரத்த அழுத்தம் பார்த்தேன். எண்கள் நன்றாக இருந்தன. பக்கவாதம் வந்ததிலிருந்து அவருக்கு வலப்பக்கம் சரியாக வரவில்லை. தோசையைத் துண்டு துண்டாக்கி இடக்கையில் கரண்டியைக் கொடுத்தேன். சாப்பிட்டதும் ஹாலில் சன்னலோரம் அவருடைய நாற்காலியில் உட்கார வைத்துவிட்டு, எட்டு மணிக்கு என் மேசையில் கணினியைத் திறந்தேன். என் மேசைக்குப் பின்னால்தான் அவர் நாற்காலி. நான் வேலை செய்யும்போது அவர் என் முதுகைப் பார்த்தபடி இருப்பார்.

புக்கிட் ரம்பாயில் ஒரு தொழிற்சாலையின் சம்பளப் பிரிவில் இருக்கிறேன். கணவர் நோயில் விழுந்த பிறகு, செவ்வாயும் வியாழனும் பாச்சாங்கில் உள்ள எங்கள் வீட்டிலிருந்தே, என் சொந்தக் கணினியில் வேலை செய்ய அனுமதி வாங்கினேன். எளிதில் கிடைக்கவில்லை. ஒரே ஒரு நிபந்தனை வைத்தார்கள். தொழிலாளர்களின் சம்பளம், அடையாள அட்டை எண், வங்கிக் கணக்கு எல்லாம் என் திரையில் வரும். அதை வேறு யார் கண்ணும் பார்க்கக் கூடாது. பார்த்ததாகத் தெரிந்தால் அனுமதி அன்றோடு முடியும். அனுமதி போனால் வாரத்தில் ஐந்து நாளும் அவர் வீட்டில் தனியாக இருக்க வேண்டியதுதான். நான் அலுவலகம் போகும் மூன்று நாள்களில் பக்கத்து வீட்டு அக்கா மதியம் வந்து சோறு போட்டுக் கொடுப்பார். அந்த மூன்று நாளுக்கே என் மனம் ஆறுவதில்லை.

அன்று காலைக் கூட்டத்தில் என் படம் உறைந்து உறைந்து நின்றது. கணினி சில வாரங்களாகவே மெதுவாகத்தான் இருந்தது. கூட்டம் முடிந்ததும் டாஸ்க் மேனேஜரைத் திறந்து, பின்னால் என்னென்ன ஓடுகிறது என்று வரிசையாகப் பார்த்தேன். நடுவில் ஆங்கில எழுத்தில் 'ஜாகா' என்று ஒன்று இருந்தது.

அதை நான் அதற்கு முன்பும் பார்த்திருக்கிறேன். பார்த்துவிட்டுப் பேசாமல் விட்டிருக்கிறேன். எங்கள் பக்கத்தில் காவல்காரரை ஜாகா என்றுதான் சொல்வோம். நான் பிறந்த தோட்டத்தில் ரப்பர் ஸ்டோருக்கு ஒரு ஜாகா இருந்தார். இப்போது எங்கள் தாமான் குடியிருப்பு வாசலில் ஒருவர் இருக்கிறார். கணினிக்குள் ஜாகா என்றால் வைரஸ் வராமல் காக்கிற ஏதோ ஒன்று என்று நானே முடிவு செய்துகொண்டேன். யாரையும் கேட்கவில்லை. இந்த முறை, கணினியை எங்களுக்கு விற்ற கடைக்காரத் தம்பிக்குப் போன் அடித்தேன்.

"ஜாகாவா?" அவர் சிரித்தார். "யாரு அக்கா வேலைக்கு வச்சா அவரை?"

"நீங்க வச்சது இல்லையா தம்பி?"

"நான் வைக்கலலா. அப்படி ஒரு பேர்ல நான் எதையுமே பாத்தது இல்ல."

"பேரே ஜாகான்னு இருக்கே. காவலுக்குத்தானே இருக்கும்?"

"என்னாக்கா நீங்க, திருடன் நெத்தியில திருடன்னு எழுதிக்கிட்டா வருவான்? அந்தப் பேர் மேல ரைட் கிளிக் பண்ணுங்க. எந்த எடத்துல இருக்குன்னு காட்டும்."

காட்டியது. மற்ற நிரல்களெல்லாம் இருக்கும் இடத்தில் அது இல்லை. என் பெயரில் உள்ள கோப்புகளுக்குள், எனக்கே தெரியாத ஒரு மூலையில் உட்கார்ந்திருந்தது. தயாரித்த நிறுவனம் யார் என்று பார்க்கச் சொன்னார். அந்த இடம் காலி. கையொப்பம் இருக்கிறதா என்றார்; இல்லை. இணையத்தில் எதையாவது அனுப்புகிறதா என்று பார்க்கச் சொன்னார். நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அந்த எண் ஏறியது, இறங்கியது, மறுபடி ஏறியது.

"நம்ம தாமான் ஜாகா மத்தியானமே கொறட்டை விடுவாரு. உங்க ஆளு கண்ணே மூட மாட்டாரு போலருக்கே," என்றார். பிறகு குரல் மாறியது. "அக்கா, அதே போல்டர்ல வேற என்ன இருக்கு?"

படங்கள் இருந்தன. கடைசியாக வந்ததைத் திறந்தேன்.

நான் இருந்தேன். கண்ணாடி மூக்கு நுனிக்கு இறங்கி, வாய் லேசாகத் திறந்து, திரையை உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தேன். சில நிமிடங்களுக்கு முன் எடுத்தது. என் தோளுக்குப் பின்னால் கணவர். அதற்கு அடுத்த படம் என் திரையின் படம். அதில் ஒரு பிரிவின் சம்பளப் பட்டியல் முழுதும், பெயர்களோடும் எண்களோடும், தெளிவாகத் தெரிந்தது.

போனில் தம்பி "அக்கா, அக்கா" என்று கூப்பிட்டது காதில் விழுந்தது. திரைக்கு மேலே செருகியிருக்கும் கேமராவில் எப்போதும் ஒரு பச்சைப் பொட்டு எரியும். மின்சாரம் இருப்பதைக் காட்டுகிற விளக்கு என்று நினைத்திருந்தேன். அதைப் பிடுங்கிக் கவிழ்த்து வைத்தேன். கைலியோடு அவர் சட்டையில்லாமல் உட்கார்ந்த நாள்கள், நான் தலை விரித்து ஈரம் உலர்த்திய நாள்கள் எல்லாம் ஒன்றாக நினைவுக்கு வந்து உடம்பு கூசியது.

"மொதல்ல இன்டர்நெட் வயரைப் புடுங்குங்க," என்றார் தம்பி. "எதையும் அழிக்காதீங்க. அந்த பைல் எந்தத் தேதியில வந்துச்சுன்னு மட்டும் பாத்துச் சொல்லுங்க."

வயரைப் பிடுங்கினேன். தேதியைப் பார்த்தேன். ஏப்ரல் 14. சித்திரைப் புத்தாண்டு. அன்று காலை நான் கோயிலுக்குப் போயிருந்தேன். வீட்டில் இருந்தது இரண்டே பேர். ஒருவர் கணவர், மௌஸைப் பிடிக்கவும் தெரியாதவர். இன்னொருவன், சிங்கப்பூரில் கணினித் துறையில் வேலை செய்யும் எங்கள் மகன். நோன்புப் பெருநாள் விடுமுறைக்கு வந்தவன் புத்தாண்டு வரை தங்கியிருந்தான்.

தம்பியிடம் பிறகு பேசுகிறேன் என்று சொல்லி வைத்துவிட்டு மகனுக்கு அடித்தேன். வேலை நேரத்தில் நான் அவனை அழைப்பதே இல்லை. உடனே எடுத்தான்.

"என்னாம்மா? அப்பாவுக்கு என்ன?"

"கம்பியூட்டர்ல ஜாகான்னு ஒண்ணு ஓடுது. நீ வச்சதா?"

அவன் எழுந்து போய் ஒரு கதவைச் சாத்துவது கேட்டது. பிறகு, "நானே எழுதுனதும்மா. வைரஸ் இல்ல, பயப்படாதே. அப்பாவைப் பாத்துக்கத்தான். அதான் ஜாகான்னு பேர் வச்சேன். மலாய்க்காரங்க சொல்ற மாதிரி, ஜாகா, பாத்துக்கறது."

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்ல வாய் இல்லையா உனக்கு?"

"சொன்னா வேணாம்னு சொல்லுவே."

"என்னோட ஸ்கிரீனையும் எடுக்குதே, தெரியுமா? ஆளுங்க சம்பளம், ஐசி நம்பர், எல்லாம்!"

"ஸ்கிரீனா?" அவன் குரல் இறங்கிப்போனது. "ஆபீஸ்ல வேற வேலைக்கு எழுதுனதம்மா. கேமரா, ஸ்கிரீன் ரெண்டையும் எடுக்கும். ஸ்கிரீனை நிறுத்தணும்னு நெனச்சேன்... மறந்துட்டேன். நான் அதெல்லாம் தெறந்துகூட பாக்கல. இப்பவே என் பக்கத்துல எல்லாத்தையும் அழிச்சிடுறேன். நீ யார்கிட்டயும் சொல்லாதே."

"பெத்த தாயையே வேவு பாக்கறியாடா?"

"வேவா? அப்பா வுழுந்து கெடந்தப்போ வேற யாரும்மா பாத்தா?"

நான் திரும்பிக் கணவரைப் பார்த்தேன். அவர் சன்னலைப் பார்த்தார்.

"எப்ப விழுந்தாரு?"

"ஜூன்ல. நீ ஆபீஸ்ல இருந்தே. நான் பாத்துட்டு உடனே பக்கத்து வீட்டு ஆன்ட்டிக்கு அடிச்சேன். அவங்கதான் ஓடி வந்து தூக்குனாங்க. அடி ஒண்ணும் படல."

கணவர் வாயைத் திறந்தார். அவருக்குச் சொற்கள் மெதுவாகத்தான் வரும். "நாந்தான்... சொல்ல வேணாம்னேன். நீ... வேலைய விட்டுடுவே."

போனை வைத்தேன். வைக்கும் முன் மகனிடம் எந்தத் தேதி என்று கேட்டு வாங்கியிருந்தேன். அந்த நாளின் படங்களைத் திறந்தேன். அலுவலகம் போகும் நாள்களில் பாட்டுக் கேட்க அவருக்காகக் கணினியைப் போட்டுவிட்டுப் போவேன். ஆகவே படங்கள் இருந்தன. ஒன்றில் நாற்காலி காலி. அவர் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். யாரும் இல்லாத நேரத்தில் நடந்து பழகியிருக்கிறார். அடுத்ததில் நாற்காலிக்கும் சுவருக்கும் இடையே தரையில் கிடந்தார், முகம் தெரியவில்லை. அதற்கடுத்ததிலும் தரையில்தான், ஒரு கை மட்டும் இடம் மாறியிருந்தது. பிறகு பக்கத்து வீட்டு அக்காவின் முதுகு. பிறகு நாற்காலியில் அவர், கையில் தண்ணீர்க் குவளை.

அன்று மாலை நான் வீடு திரும்பியபோது அதே நாற்காலியில் அதே மாதிரிதான் இருந்திருப்பார். எப்படி இருக்கீங்க என்று கேட்டிருப்பேன். நல்லா இருக்கேன் என்றிருப்பார். அவரும், அக்காவும், சிங்கப்பூரில் இருக்கும் மகனும் அறிந்த ஒன்று, அந்த வீட்டில் சோறு வடிக்கிற எனக்குத் தெரியவில்லை. எனக்குக் கோபம் வந்ததா, அழுகை வந்ததா என்று கேட்டால் இரண்டும் வரவில்லை. அந்தப் படங்களை முதலிலிருந்து இன்னொரு முறை பார்த்தேன்.

அலுவலகத்துக்குக் கணினி பழுது என்று தெரிவித்து, மீதி நாளுக்கு விடுப்புப் போட்டேன். அது பொய் இல்லை; முழு உண்மையும் இல்லை. மாலையில் மகன் மறுபடி அழைத்தான். அழித்துவிட்டேன், ஒரு படம் மிச்சமில்லை, சத்தியம் என்றான்.

"தெரிஞ்சா ஊட்டுல வேலை செய்ய விடமாட்டாங்கம்மா. அப்புறம் அப்பா மறுபடி வுழுந்தா?"

அவன் சொன்னதில் தப்பில்லை. காலையில் இருந்ததைவிட அந்த இரண்டு நாள்கள் இப்போது எனக்கு அதிகமாகத் தேவைப்பட்டன. ஆனால் அந்தப் பட்டியலில் இருந்தவர்கள் எனக்கு முகம் தெரிந்தவர்கள். செர்காமிலிருந்து தினமும் மோட்டாரில் வருகிற அக்காள் தங்கை இருவரின் பெயர் அடுத்தடுத்து இருந்தது. எனக்குத் தெரியாமல் என்னைப் பார்த்ததற்கு எனக்கு உடம்பு கூசியதென்றால், தங்கள் விவரம் வெளியே போனது அவர்களுக்கு மட்டும் ஏன் தெரியக் கூடாது?

இரவுச் சாப்பாட்டின்போது கணவரிடம் சொன்னேன். "ஆபீஸ்ல சொல்லப் போறேன்."

அவர் கரண்டியைத் தட்டில் வைத்தார். "வேலை... போனா?"

"வேலை போவாது. செவ்வா வியாழன்தான் போவும்."

கொஞ்ச நேரம் மென்றார். "சொல்லிடு," என்றார். "நான்... நடக்கல. உக்காந்தே இருக்கேன்."

"நடங்க. நான் இருக்கறப்போ நடங்க. என்கிட்ட மறைக்காம நடங்க," என்றேன்.

மறுநாள் புதன்கிழமை. விளக்கேற்றவில்லை, அடுப்பைப் பற்ற வைக்கவில்லை. முதல் வேலையாகப் பிரிவுத் தலைவருக்குப் போன் அடித்தேன். அவர் மலாய்ப் பெண்மணி. விடியற்காலை சுபுஹ் தொழுகைக்கு எழுந்திருப்பார் என்று தெரியும். வீட்டில் என் திரை படமெடுக்கப்பட்டு வெளியே போயிருக்கிறது, ஏப்ரலிலிருந்து போயிருக்கிறது, போனது என் மகனிடம் என்று மலாயில் மூன்று வாக்கியமாகச் சொன்னேன். பிறகு அவர் என்ன சொல்லப் போகிறார் என்று போனைக் காதில் வைத்தபடி நின்றேன்.