யார் பேருக்கு பில்?

என் வீட்டுக்காரருக்குக் கோபமே வராது என்று பட்டறையில் பெயர். எப்படி வரும்? அவருக்கும் சேர்த்து நான்தான் கோபப்படுகிறேனே! இருபத்திரண்டு வருடமாக அவர் அங்கே கார் மெக்கானிக். பன்னிரண்டு வருடமாக நான் அதே பட்டறையின் கண்ணாடி அறையில் உட்கார்ந்து பில் போடுகிறேன். தன் வேலை முடிந்தாலும் மனுஷன் சும்மா இருக்கமாட்டார். பக்கத்து மெக்கானிக்கை நாங்கள் 'அவசரம்' என்று கூப்பிடுவோம். அவன் முடுக்கிய திருகுகளையெல்லாம் ஒரு தடவை தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் இவர் கை கழுவுவார். "மாமியார் வந்துட்டாருடா" என்று அவன் முணுமுணுப்பான்.

அன்றைக்கு, டியூஷன் பிள்ளைகளை வீட்டில் கொண்டுவிடும் வாத்தியாரின் பழைய கார் பிரேக் ஆயில் மாற்ற வந்திருந்தது. ஒவ்வொரு சக்கரத்திலும், பிரேக்குக்குள் இருக்கும் காற்றையும் பழைய ஆயிலையும் வெளியேற்ற ஒரு குட்டித் திருகு உண்டு. நிப்பிள் என்போம். மூன்று சக்கரம் முடித்தாயிற்று. கடைசிச் சக்கரத்தில் இவர் ஸ்பானரை வைத்துத் திருப்பியதும் நிப்பிள் பாதியில் முறிந்து, மீதி உள்ளேயே மாட்டிக்கொண்டது. என்னென்னவோ செய்து பார்த்தார்கள், வரவில்லை. இனி அந்த நிப்பிள் பொருந்தியிருக்கும், சக்கரத்தைப் பிடித்து நிறுத்தும் காலிப்பரையே மாற்றியாக வேண்டும். ஒரு சுண்டுவிரல் திருகுக்காக இவ்வளவு பெரிய செலவு!

"துருப்பிடிச்ச நிப்பிள் சார். பதினெட்டு வருஷத்து வண்டி. நீங்கதான் கொடுக்கணும்" என்றார் முதலாளி.

வாத்தியார் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "நான் வண்டிய ஓட்டிட்டு வந்தப்ப பிரேக் பிடிச்சுதா இல்லையா?"

"பிடிச்சுது."

"இப்ப பிடிக்குதா?"

"இல்ல சார், அது வந்து..."

"அப்ப நடுவுல யார்கிட்ட இருந்துச்சு?" என்று கேட்டுவிட்டு, முதலாளி வாயைத் திறப்பதற்குள் அவரே தலையை ஆட்டினார். "இருங்க. எங்க வீட்டுக்கு ஒரு விருந்தாளி வந்து, உட்கார்ந்ததும் நாற்காலி உடைஞ்சா அவர்கிட்டயா காசு கேட்பேன்? ஆனா நாற்காலியச் சரிபண்ண வந்த தச்சர் உடைச்சா கேட்பேனே... கேட்பேனா? சே, எனக்கே குழம்புது."

அவருக்கு மட்டுமா? பில் புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டிருந்த எனக்கும் தலை சுற்றியது. முதலாளி பேசும்போது அவர் பக்கம் நியாயம் தெரிந்தது, வாத்தியார் பேசும்போது வாத்தியார் பக்கம். கடைசியில் இருவரும் இவரைத்தான் பார்த்தார்கள்.

"நீங்க சொல்லுங்கண்ணே. நிப்பிள் ஏற்கெனவே போயிருந்துச்சா, இல்லையா? உங்க கைக்குத் தெரியாததா?" என்றார் முதலாளி.

ஒரு வார்த்தை. 'போயிருந்தது' என்று சொன்னால் முடிந்தது. இவரோ இடித்த புளி மாதிரி நின்றார். "எனக்குத் தெரியல" என்றார்.

எனக்கு வந்ததே கோபம்! இருபத்திரண்டு வருட மெக்கானிக் எல்லோர் முன்னாலும் தெரியவில்லை என்றால் நாளைக்கு எவன் இவரை நம்பி வண்டியை விடுவான்? "ஏங்க, கொஞ்சம் உள்ள வாங்க" என்று கூப்பிட்டுக் கதவைச் சாத்தினேன்.

அப்போதுதான் டீக்கடைக்காரர் கெட்டிலில் டீ கொண்டுவந்து ஊற்றிவிட்டுப் போனார். ஸ்டீல் டம்ளர். விளிம்பைத் தொட்டதும் சுட்டுக் கையை உதறினேன். இவர் டம்ளரை விரல் நுனிகளால் இறுகப் பிடித்து எடுத்தார். பிடித்தபடியே நின்றார்.

"ஒரு வார்த்தை சொன்னா வாயில முத்தா உதிர்ந்துடும்? துருன்னு சொல்லிட்டுப் போங்களேன்!" என்று ஆரம்பித்தவள், அந்தக் கையைப் பார்த்து நிறுத்திவிட்டேன். "சுடலையா?"

அவர் டம்ளரைப் பார்த்தார். கீழே வைத்தார். விரல்கள் சிவந்திருந்தன.

"விரல் நுனியெல்லாம் மரத்துப்போச்சு. நாலு மாசமாச்சு" என்றார். "முறியப் போற திருகு முன்னாடியே சொல்லிடும். இழுவையா, ஜவ்வு மாதிரி வரும். அங்கேயே நிறுத்திடுவேன். இன்னைக்கு அது சொல்லலையா, சொல்லியும் எனக்குக் கேட்கலையா? சத்தியமாத் தெரியலம்மா."

ஐயோ! நாலு மாதம்! ஒரே வீட்டில் இருக்கிறேன், ஒரே பட்டறையில் இருக்கிறேன், எனக்கே தெரியவில்லை. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், முதலில் தோன்றியது இதுதான்: இது வெளியே தெரிந்தால் வேலை போய்விடும். "வெளிய சொல்லாதீங்க. வாத்தியார் பேருக்கு எழுதிடறேன்" என்றேன்.

"அவரு நாளைக்கு அந்த வண்டியிலதானே பிள்ளைங்கள ஏத்திட்டுப் போவாரு?" என்றார். கதவைத் திறந்துகொண்டு வெளியே போனார்.

முதலாளியிடம், வாத்தியார் முன்னாலேயே, எல்லாவற்றையும் சொன்னார். பிறகு 'அவசரம்' பக்கம் திரும்பி, "மத்த மூணையும் நீ ஒரு தடவை பார்த்துடுப்பா" என்றார். அவன் திருதிருவென்று விழித்தான். காருக்கு அடியில் போனான். முதல் சக்கரம், சரி. இரண்டாவதும் சரி. மூன்றாவதில் ஸ்பானர் அரைச் சுற்று சுலபமாகப் போனது. "லூஸா இருக்குண்ணே" என்றான், தலையை வெளியே நீட்டாமலே.

வாத்தியார்தான் முதலில் வாயைத் திறந்தார். "பழைய வண்டி. காலிப்பர் காசை நானே கொடுத்துடறேன்."

"வேணாம் சார், என் சம்பளத்துல பிடிக்கச் சொல்லுங்க" என்றார் இவர்.

"ரெண்டு பேரும் சும்மா இருங்க. பட்டறை ஏத்துக்கும்" என்றார் முதலாளி.

சற்றுமுன் யாருமே வேண்டாம் என்ற பில்லுக்கு இப்போது மூன்று பேர் போட்டி! "ஆளாளுக்கு நல்லவங்களாயிட்டா நான் யார் பேருக்குங்க எழுதறது?" என்று கத்தியேவிட்டேன். கண்ணில் தண்ணீர் வந்தது.

"பட்டறை பேருக்கே எழுதுங்கக்கா" என்றார் முதலாளி. இவர் பக்கம் திரும்பும்போது அவர் குரல் இறங்கிவிட்டது. "அண்ணே, டாக்டரைப் பார்த்துட்டு வாங்க. அதுவரைக்கும் எந்த வண்டியிலயும் கை வைக்க வேணாம்."

எழுதினேன். அந்த நிப்பிளைத் துரு தின்றிருந்ததா, இவர்தான் வேகமாகத் திருப்பிவிட்டாரா என்று இன்றுவரை எனக்குப் புரியவில்லை.

இவர் வந்து என் பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்தார். வெளியே 'அவசரம்' இவருடைய ஸ்பானரால் அந்த மூன்றாவது நிப்பிளை முடுக்கிக்கொண்டிருந்தான். இவர் கண் அங்கேயே இருந்தது. மேசைக்கடியில் அவர் கையை எடுத்து, விரல் நுனிகளை ஒவ்வொன்றாக அழுத்தினேன்.

"இதாவது தெரியுதாங்க?" என்று கேட்டேன்.

"தெரியுதும்மா. நல்லாவே தெரியுது" என்றார், என் பக்கம் திரும்பாமலே.

அதைக் கேட்பதற்கு முன்பே நான் அவர் விரலிலிருந்து என் கையை எடுத்துவிட்டிருந்தேன்.