ஒரு டிரம் பிரைமரும் மாமாவின் மௌனமும்

நான் ஊரைவிட்டு முதன்முறையாகக் கிளம்பியது ஒரு செவ்வாய்க்கிழமை. வழியனுப்ப அத்தை மட்டும் வந்தார். பதினொரு வருட வேலையில் அவர் கேட்டு வாங்கிய முதல் அரைநாள் விடுப்பு அது. ரயில் மூன்று மணி நேரம் தாமதம். அத்தை நகரவில்லை. அவர் திரும்பிப் போவதற்குள் பட்டறையில் ஒரு டிரம் பிரைமர் கல்லாகியிருந்தது.

லாரிகளுக்கும் டிராக்டர்களுக்கும் பெயிண்ட் அடிக்கும் பட்டறை அது. பெயிண்டுக்கு முன் அடிக்கும் அடிப்பூச்சான பிரைமரைக் கலப்பது அத்தை. அதை ஸ்ப்ரே கன்னில் நிரப்பி வண்டிமேல் அடிப்பது மாமா. டின்னின் அடியில் களிமண்போலப் படிந்திருப்பதை அத்தை தட்டைக் கட்டையால் சுரண்டி எழுப்புவார். நான்கு பங்குக்கு ஒரு பங்கு ஹார்ட்னர், பிறகு தின்னர். துளை போட்ட சின்னக் கிண்ணத்தில் நிரப்பி, ஒழுகி முடிய எத்தனை வினாடி என்று கடிகாரம் பார்ப்பார். அப்புறம் வலையில் வடிகட்டுவார். ஒரு தடவைக்கு ஒரு வாளிதான், ஏனென்றால் ஹார்ட்னர் சேர்ந்துவிட்டால் சில மணி நேரத்தில் பிரைமர் இறுகிவிடும்.

சோப்புத்தூள் கரைக்கிற வேலைக்கு இவ்வளவு அலட்டலா என்பார் மாமா. எந்த வாளி வந்தாலும் கெட்டி என்பார். ஒருநாள் அத்தை அந்த வாளியை உள்ளே எடுத்துப்போய், தொடாமல் அப்படியே திரும்பக் கொண்டுவந்தார். இப்போதுதான் பதம் சரி என்றார் மாமா.

அந்தச் செவ்வாயன்று கலக்கும் வேலை மாமாவிடம் வந்தது. மூன்று டிராக்டருக்கும் சேர்த்து ஒரே டிரம்மில் கலந்து ஹார்ட்னரை ஊற்றிவிட்டார். முதல் டிராக்டர் முடிந்தது. இரண்டாவதில் பாதியில் கன் இருமியது. டிரம்மைத் தொட்டால் சுட்டது. சாப்பிட்டுவிட்டு வந்து கட்டையைப் பிடித்து இழுத்தால், டிரம்மும் கூடவே வந்தது.

கலக்கும் அறை யார் பொறுப்பு என்று முதலாளி கேட்டார். மாமா கூரையைப் பார்த்தார். மறுநாளே அத்தையைத் தேய்க்கும் பிரிவுக்கு மாற்றி, கையில் உப்புத்தாளைக் கொடுத்துவிட்டார்கள்.

இதெல்லாம் ஏதேதோ ஊர்களின் விடுதிப் படிக்கட்டுகளில் உட்கார்ந்து நான் போனில் கேட்டது. நீங்களே முதலாளியிடம் சொல்லக்கூடாதா என்றேன்.

"அந்த ரூம் எனக்கு வேணும்டி. ஆனா புருஷனை மாட்டிவிட்டு வாங்க மாட்டேன். அவர் வாயால அவரே சொல்லட்டும்," என்றார் அத்தை.

மாமாவிடம் கேட்டால், நேரம் பார்த்துச் சொல்கிறேன் என்பார். ஒரு வருடமாகியும் அந்த நேரம் வரவில்லை.

ஆனால் கலப்பதற்குப் புதிதாக ஓர் ஆள் வந்திருந்தார். வடிகட்டுவது அவருக்குப் பிடிக்காத வேலை. மாமா ஒரு நாளைக்கு நாலு தடவை கன்னைக் கழற்றிக் கழுவினார். அடித்த இடமெல்லாம் ஆரஞ்சுப் பழத் தோல்போலப் பொரிந்தது. குறை சொன்னதற்கு, வேண்டுமானால் நீயே கலந்துகொள் என்றாராம் அந்த ஆள். அந்தப் பேச்சைக் கேட்டதும் மாமாவுக்கு வியர்த்துவிட்டதாம்.

நான் கிளம்பி ஒன்றரை வருடம் கழித்து, தெரியாத ஊரொன்றில் பஸ்ஸுக்காக நின்றபோது அத்தையின் செய்தி வந்தது:

"மாமா முதலாளிகிட்ட எல்லாத்தையும் சொல்லிட்டார். மனசாட்சி உறுத்துச்சாம். எனக்கு அந்தக் கன் மேலதான் சந்தேகம். நாளைலேருந்து கலக்குற ரூம்ல நான். மாமாவுக்கு மூணு மாசம் உப்புத்தாள். போன் பண்ணி அவர்கிட்ட சிரிச்சு வைக்காத, அதை நான் பாத்துக்கறேன்."